டிரஸ்ட் கையில் இருந்தால் பத்திரிகை தப்புமா? அப்சர்வர் விற்பனையை ஒட்டி ஒரு விவாதம்

அச்சுக்கூடம்:
பிரிட்டிஷ் நாளிதழ் கார்டியனுக்கு உடைமையாளரான ஸ்காட் டிரஸ்ட், தன் ஞாயிறு இதழ் அப்சர்வரை டார்ட்டாய்ஸ் மீடியா என்ற செய்தி நிறுவனத்துக்கு விற்றது. 2024 டிசம்பரில் பத்திரிகையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை, 2025 ஏப்ரலில் கைமாறிவிட்டது. "டிரஸ்டும் முதலாளியும் ஒன்றுதான்" என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

டிரஸ்ட் ஏன் வந்தது என்று பாருங்கள். 1932 ஜனவரியில் கார்டியனின் உடைமையாளர் சி.பி. ஸ்காட் காலமானார். ஆசிரியராக இருந்த மகன் எட்வர்ட், அதே ஆண்டு ஏப்ரலில் விண்டர்மியர் ஏரியில் படகு விபத்தில் இறந்தார். இன்னொரு சாவு விழுந்தால் வாரிசு வரி கட்டவே பத்திரிகையை விற்க வேண்டிவரும் என்ற நிலை. அதனால்தான் இன்னொரு மகன் ஜான் ஸ்காட் 1936-ல் பங்குகளை டிரஸ்டுக்கு எழுதி வைத்தார். ஈவுத்தொகை யார் வீட்டுக்கும் போகாது. 2014-ல் ஆட்டோ டிரேடர் பங்குகளை விற்று வந்த 60 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட பணம் கார்டியனுக்கான நிதியில்தான் சேர்ந்தது. தனி முதலாளியாக இருந்தால் அந்தப் பணம் எங்கே போயிருக்கும்?

பங்குப்பதிவு:
ஸ்காட் குடும்பம் கொடுத்தது தானம், சரி. எல்லா டிரஸ்டும் அப்படிப் பிறக்கவில்லை நண்பரே. டப்ளினில் ஐரிஷ் டைம்ஸ் 1974-ல் டிரஸ்ட் ஆனபோது ஐந்து பங்குதாரர்களும் ஆளுக்கு 3,25,000 பவுண்டு வாங்கிக்கொண்டுதான் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். வங்கிக் கடனில் கொடுத்த பணம் அது. அடைக்கும் பொறுப்பு பத்திரிகையின் தலையில் விழுந்தது.

அடுத்து, டிரஸ்டைத் தட்டிக் கேட்பது யார்? 2006-ல் அதே ஐரிஷ் டைம்ஸ், வீட்டு விளம்பரத் தளமான மைஹோமை 5 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அயர்லாந்தில் வீட்டு விலை உச்சத்தில் இருந்த நேரம். இரண்டே வருடத்தில் சந்தை சரிந்தது. பங்குதாரர் இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பார். இங்கே அந்த நாற்காலியே கிடையாது.

அச்சுக்கூடம்:
தவறான முதலீட்டை முதலாளியும் செய்வார். நான் பார்ப்பது ஆசிரியரை யார் நீக்க முடியும் என்பதை.

1981-ல் ஊடக முதலாளி மர்டாக், லண்டனின் தி டைம்ஸையும் சண்டே டைம்ஸையும் தாம்ஸன் நிறுவனத்திடமிருந்து வாங்கினார். ஏகபோக ஆணைய விசாரணைக்கு அனுப்பியிருக்க வேண்டிய விற்பனை அது. நஷ்டத்தில் ஓடும் பத்திரிகைகள் என்று காரணம் சொல்லி அமைச்சர் ஜான் பிஃபன் அனுப்பாமல் விட்டார். பதிலுக்கு வாங்கிய உறுதிமொழி: முதலாளியைச் சாராத தனி இயக்குநர்களின் பெரும்பான்மை இல்லாமல் ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ கூடாது. காகிதத்தில் இதைவிடப் பலமான பூட்டு வேண்டுமா? தி டைம்ஸ் ஆசிரியர் ஹரல்ட் எவன்ஸ் ஒரு வருடம்தான் தாக்குப்பிடித்தார். 1982 மார்ச்சில் ராஜினாமா. நீக்கினால்தானே இயக்குநர்களின் ஓட்டு தேவை? பட்ஜெட்டும் ஆட்களும் முதலாளி கையில் இருக்கும்போது, ஆசிரியர் தானாகவே விலகும் நிலையை உண்டாக்கினால் போதும். அந்த உறுதிமொழிகளையும் 2022-ல் அரசே விலக்கிவிட்டது.

காலைத்தாள்:
இருவரும் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். அயர்லாந்தில் 2014 சட்டப்படி ஊடக இணைப்புக்கு இரண்டு கதவு: முதலில் போட்டி ஆணையம், பிறகு அமைச்சர். அமைச்சருக்குச் சந்தேகம் வந்தால் ஒலிபரப்பு ஆணையத்துக்கு (2023 முதல் அதன் இடத்தில் வந்த ஊடக ஆணையத்துக்கு) அனுப்பலாம். அயர்லாந்தின் பெரிய பத்திரிகை நிறுவனமான இன்டிபெண்டன்ட் குழுமம், மீத் கிரானிக்கிள், ஆங்லோ-கெல்ட் உள்ளிட்ட செல்டிக் மீடியாவின் வட்டார இதழ்களை வாங்கப் போனபோது முதல் கதவு திறந்தது. இரண்டாவதில் மாட்டி, 2017-ல் கைவிட்டார்கள். ஆனால் இந்தச் சட்டம் புதிதாக வாங்குவதை மட்டுமே பார்க்கும். ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதைத் தொடாது.

அதே குழுமத்தில் தொழிலதிபர் டெனிஸ் ஓ'பிரையன் வைத்திருந்த பங்கைக் கவனியுங்கள்: 29.9%. 30-ஐத் தொட்டால் மற்ற எல்லாப் பங்கையும் வாங்க விலை சொல்ல வேண்டும் என்பது விதி. கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றுகொண்டே மிகப் பெரிய பங்குதாரராக இருந்தார், அதுவும் வானொலி நிலையங்களை வேறு வைத்துக்கொண்டு. 2019-ல் பெல்ஜியத்தின் மீடியாஹூயிஸ் 14.56 கோடி யூரோவுக்கு மொத்தமாக வாங்கிய பிறகுதான் அந்தப் பிடி விட்டது.

பங்குப்பதிவு:
காலைத்தாள் சொல்வது சரி, டிரஸ்டுக்கும் பொருந்தும். 2018-ல் கார்க் நகரின் ஐரிஷ் எக்ஸாமினரை வாங்கியது யார்? டிரஸ்ட் உடைமையான ஐரிஷ் டைம்ஸ்தான்! உடைமை குவிவது டிரஸ்ட் செய்தாலும் குவிவதுதான்.

கைமாற விடாத பூட்டும் ஆபத்து. அயர்லாந்து அரசியல் தலைவர் டி வலேரா 1931-ல் தொடங்கிய ஐரிஷ் பிரஸ்ஸில் அதிகாரம் முழுதும் 'கட்டுப்படுத்தும் இயக்குநர்' என்ற ஒரே பதவியில். அவருக்குப் பின் மகன், பிறகு பேரன். சிறு பங்குதாரர்களால் அசைக்க முடியவில்லை. 1995 மே மாதம் கதவை மூடினார்கள்.

அச்சுக்கூடம்:
ஐரிஷ் பிரஸ் குடும்பப் பூட்டு, டிரஸ்டோடு சேர்க்காதீர்கள். அப்சர்வருக்கு வருகிறேன், அங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஸ்காட் டிரஸ்டின் குறிக்கோள் வாசகத்தில் என்றென்றும் காக்கப்பட வேண்டியதாகப் பெயர் சொல்லியிருப்பது கார்டியனை மட்டும். அப்சர்வர் 1993-ல் லோன்ரோ நிறுவனத்திடமிருந்து வாங்கிச் சேர்த்தது. அந்த வாசகத்துக்குள் அது வரவே இல்லை. வேலைநிறுத்தத்தால் விற்பனையைத் தடுக்க முடியாமல் போனதற்கு இதுவும் காரணம் என்பேன். இப்போது டிரஸ்டிடம் மிஞ்சியிருப்பது டார்ட்டாய்ஸில் 9% பங்கு. அந்த ஒன்பதை வைத்து நாளை இன்னொரு விற்பனையைத் தடுக்க முடியாது.

பங்குப்பதிவு:
இதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன். 1993-லேயே அந்த வாசகத்தில் அப்சர்வர் பெயரையும் சேர்த்திருக்கலாமே, ஏன் சேர்க்கவில்லை?