வியாழக்கிழமை என் முதல் நேர்காணல்: நிரல் எழுத வருகிறது, பேச வரவில்லை

கேள்வி: சுங்கை சிப்புட் பையன்

வணக்கம். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். வியாழக்கிழமை மாலை மென்பொருள் பொறியாளர் வேலைக்கு இணையவழி நேர்காணல். நேற்று நண்பன் ஒத்திகை வைத்தான்: பட்டியலில் கூட்டினால் 10 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் அதன் பின் வரும் எண்களோடு கூட்டிப் பார்க்கும்படி சுற்றுக்குள் சுற்றாக எழுதினேன். "பத்தாயிரம் எண்கள் இருந்தால்?" என்றான். பைத்தான் நிரல்மொழியின் டிக்‌ஷனரி வைத்து மாற்றினேன், பார்த்த எண்களை அதில் போட்டுவைத்து உடனே தேடலாம். 5, 8, 2 கொடுத்தால் விடை 5, 5 என்று வருகிறது! ஏன் என்று கேட்டான். கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு ஊமையாக இருந்தேன். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை.

பதில்: பினாங்கு அக்கா

தம்பி, எண்ணை டிக்‌ஷனரியில் போட்டுவிட்டு அதன் பிறகு துணையை, அதாவது கூட்டினால் 10 ஆக்கும் மற்ற எண்ணை, அதில் தேடுகிறீர்கள். 5-க்குத் துணை 5. சற்றுமுன் போட்ட தன்னையே அது கண்டெடுக்கிறது. முதலில் தேடுங்கள், பிறகு போடுங்கள். பழைய முறையில் பத்தாயிரம் எண்களுக்கு ஏறக்குறைய 50 மில்லியன் ஜோடிகள் வரை பார்க்க நேரும். புதியதில் பட்டியலை ஒருமுறை கடந்தால் போதும், கூடுதல் நினைவகம்தான் செலவு. இந்தக் கணக்கைக் கட்டாயம் கேட்பார்கள்.

பதில்: கிள்ளான் அண்ணன்

நிரல் பிழையைவிட அந்தக் கால் மணி நேர மௌனம்தான் எனக்குக் கவலை. நான் நேர்காணல் எடுப்பவன். எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் என் தாளில் எழுத ஒன்றும் இருக்காது. எழுதத் தொடங்குமுன் கேளுங்கள்: எண்கள் ஏறுவரிசையில் உள்ளனவா? ஜோடியே இல்லாவிட்டால் என்ன தர வேண்டும்? ஏறுவரிசை என்றால் பட்டியலின் இரு முனைகளிலிருந்தும் நகர்ந்து வரலாம், டிக்‌ஷனரியே வேண்டாம். சிக்கிக்கொண்டால் 5, 8, 2-ஐத் தாளில் எழுதி ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க ஆளில்லை என்கிறீர்களே, அப்பா இருக்கிறாரே? முதலில் அவருக்குத் தமிழில் விளக்குங்கள், ஆங்கிலத்தில் பிறகு சொல்லிப் பழகலாம்.

கேள்வி கேட்டவர்

அக்கா சொன்னபடி இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். 8, 2 வந்துவிட்டது. இரவு நாள்காட்டியில் கிழித்த தாள்களைத் தரையில் பரப்பி அப்பாவுக்கு விளக்கினேன். பாதியில் நிறுத்தி, "ரெண்டு அஞ்சு இருந்தா?" என்றார். அதை நான் சோதிக்கவே இல்லை! 5, 8, 5 கொடுத்துப் பார்த்தேன், சரியாக 5, 5 வந்தது. மாலையில் மழை பெய்தால் எங்கள் தோட்டக் குடியிருப்பு லயத்தில் மின்சாரம் போய்விடும், அதனால் வியாழக்கிழமை டவுனில் அத்தை வீட்டில் உட்காரப் போகிறேன்.