திருநெல்வேலி வெயிலுக்கு 460-ம் நம்பர் ஆயிலா?

பேட்டை மில்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "நம் ஊர் வெயிலில் 320 ஆயில் தண்ணீராகிவிடும். எல்லா கியர்பாக்ஸிலும் 460 ஊற்றுங்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 320 என்பது 40 டிகிரிச் சூட்டில் அந்த ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை; நம்பர் கூடினால் ஆயில் கெட்டி. ஆயிலின் சூடு ஐயா, ஆகாயத்தின் சூடு அல்ல! என் அரிசி மில்லில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் கியர்பாக்ஸ் பதினோரு வருடமாக 320-ல்தான் ஓடுகிறது. சித்திரை மதியம் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணினேன். சுடவில்லை.

பணகுடி காற்றாடி:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணாச்சி. பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமோ? பத்து எண்ணினீர்கள், சரி. எந்த வேகத்தில்? 60 டிகிரியில் இருக்கும் இரும்பை ஐந்து விநாடிக்குமேல் யாராலும் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் நெல் மூட்டை எண்ணுகிற வேகத்தில் எண்ணியிருப்பீர்கள்.

பாளை லேத்:
முதலில் அது திருகுபோன்ற தண்டு சக்கரத்தை உரசிச் சுற்றும் வார்ம் கியரா, சாய்ந்த பல் சக்கரங்கள் கோத்த ஹெலிக்கலா? வார்ம் என்றால் 460 சரியாகவே இருக்கலாம்.

பேட்டை மில்காரன்:
நிதானமாகத்தான் எண்ணினேன். பத்து. தம்பி, நீங்கள் வேலை பார்க்கும் மின்சாரக் காற்றாடியின் கியர்பாக்ஸில் என்ன ஊற்றுகிறார்கள்? 320! ஆடிக் காற்றில் இரவும் பகலும் சுற்றுகிற அதற்குப் போதுமாம், என் எலிவேட்டருக்குப் போதாதாம். 460 ஊற்றினால் கியர் சுற்றாது, அல்வா கிண்டும். கிண்டுகிற உழைப்பே சூடாக மாறும்.

பணகுடி காற்றாடி:
அங்கே ஊற்றுவது செயற்கை ஆயில். சூடு ஏறினாலும் சட்டென்று இளகாது. உங்கள் டிரம்மில் இருப்பது கனிம எண்ணெய். நம்பர் ஒன்றாக இருந்தால் ஆயிலும் ஒன்றாகிவிடுமா? போன மாசியில் உங்கள் மில்லுக்கு வந்தபோது பார்த்தேனே, கியர்பாக்ஸுக்கு அடியில் சாக்கு விரித்திருந்தீர்கள். சாக்கு முழுக்க ஆயில். 320 இளகி ஒழுகியதுதானே அது?

பேட்டை மில்காரன்:
வந்த வீட்டில் காபியைக் குடித்துவிட்டுச் சாக்கைப் பார்த்திருக்கிறீர்கள். ஒழுகியது ஆயில் இளகியதால் அல்ல. மேலே காற்றுப் போய்வர இருக்கும் பிரீதர் மூடியில் தவிட்டுத் தூசி களிபோல அப்பிக்கொண்டது. உள்ளே சூடேறி விரிந்த காற்று வெளியேற வழியில்லாமல், தண்டோரத்தில் ஆயில் ஒழுகாமல் அடைக்கும் சீல் வளையத்தைத் தள்ளியது. பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி மாட்டினேன். மறுநாளே கசிவு நின்றது. சாக்கு இப்போது மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். வரும்போது வாங்கிக்கொண்டு போன கிரீஸ் துப்பாக்கியையும் கொண்டு வாருங்கள்.

விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலை:
முப்பது வருடம் நூற்பாலையில் இருந்தவன் சொல்கிறேன். நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் சுற்றும். அதற்கு ஊற்றுவது தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயில். நம்பரை முடிவு செய்வது வேகமும் பாரமும். வெயிலை ஏன் இழுக்கிறீர்கள்?

பணகுடி காற்றாடி:
ஐயா, பஞ்சாலைக் கதை வேறு. கிரீஸ் துப்பாக்கியை ஐப்பசியிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று, உங்கள் டிரைவர் கையில். நெம்புகோல் வளைந்திருந்தது, அது நான் வாங்கும்போதே வளைந்திருந்தது. பேச்சை மாற்ற வேண்டாம். பத்தா, ஐந்தா?

பேட்டை மில்காரன்:
வளைத்தது யார் என்று டிரைவரைக் கேட்டால் தெரியும். பத்து.

பாளை லேத்:
வார்மா, ஹெலிக்கலா? வார்ம் என்றால் உள்ளே வெண்கலச் சக்கரம் இருக்கும். கந்தகச் சேர்மானம் உள்ள ஆயில் வெண்கலத்தை அரித்துவிடும். அப்படிக் கறுத்துத் தேய்ந்த சக்கரம் ஒன்று இப்போதும் என் மேஜையில் கிடக்கிறது, பல் கத்தி முனைபோல இருக்கிறது. டிரம்மில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது பார்த்துச் சொல்லுங்கள்.

பேட்டை மில்காரன்:
டிரம்மெல்லாம் இருக்கட்டும். இந்த நிமிடம் மில்லில் நின்றுதான் எழுதுகிறேன். மறுபடி கையை வைத்தேன், கணக்குப்பிள்ளை கடிகாரம் பார்த்தார். பதின்மூன்று விநாடி.

பணகுடி காற்றாடி:
பேட்டையில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை என்று என் மைத்துனன் சொன்னானே. மில் ஓடுகிறதா அண்ணாச்சி?

பேட்டை மில்காரன்:
மைத்துனன் எந்தப் பேட்டை?