சூடான ஹைட்ரஜனில் பீங்கான் கெடுவதற்குச் சொல்: நொறுமையா, அரிமானமா, உளுத்தலா?

> ஏற்கெனவே ‘ஹைட்ரஜன் நொறுமை’ இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. அது உலோகத்துக்கான சொல். 1875இல் ஜான்சன் என்பவர் இரும்பில் கண்டு எழுதினாரே, அந்த நிகழ்வு. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகைப் பட்டென்று முறிய வைக்கும், அதற்குப் பெரிய சூடுகூட வேண்டாம். பீங்கானில் நடப்பது வேறு, உள்ளே இருப்பது வெளியேறிவிடுகிறது.

உலைக்குள் அடுக்கும் சாதாரணத் தீச்செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் பீங்கான் வகைதான். அதில் பாதிக்குமேல் சிலிக்காதான், அதாவது சிலிக்கன் டைஆக்சைடு. டங்ஸ்டன் தூளைச் சுட்டு இறுக்கும் உலைபோல, உலர்ந்த ஹைட்ரஜன் ஓடும் இடத்தில் அதை வைத்தால், 1200 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் சிலிக்காவிலிருந்து ஒரு ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிடுங்கி நீராவியாகிவிடும். மிச்சமாகும் சிலிக்கன் மோனாக்சைடு அந்தச் சூட்டில் வாயு, அது பாட்டுக்கு ஹைட்ரஜன் ஓட்டத்தோடு போய்விடும். செங்கல்லில் மிச்சமுள்ள அலுமினா (அலுமினிய ஆக்சைடு) அங்கேயே நிற்கும். அதனால் செங்கல்லின் உருவம் அப்படியே இருக்கும், கையில் எடுத்தால் கனம் இருக்காது, விரலால் அழுத்தினால் உதிரும்.

இதைப் பார்த்ததும் எனக்கு உளுத்த கட்டைதான் நினைவுக்கு வந்தது. ‘அரிமானம்’ என்றால் துரு ஏறிய மேற்பரப்புதான் கண்முன் வருகிறது, இங்கே துருவும் இல்லை, படலமும் இல்லை. சொல்லப்போனால், சிலிக்கன் கார்பைடு என்ற இன்னொரு பீங்கானின் மேல் படிந்து அதைக் காப்பாற்றி வந்த சிலிக்கா படலமே இதில் போய்விடுகிறது. ஆகவே என் பரிந்துரை ‘ஹைட்ரஜன் உளுத்தல்’. உளுத்த செங்கல், உளுக்காத செங்கல் என்று வினையாகவும் வளைத்துக்கொள்ளலாம், ‘நொறுமை’யில் அது முடியாது. அலுமினாவோடு 28 விழுக்காடு சிலிக்கா சேர்ந்த முல்லைட் என்ற பீங்கானும் உளுக்கும், சிலிக்கா அறவே இல்லாத தூய அலுமினா தாங்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பூச்சி அரிப்பதற்கான சொல் ஆயிற்றே என்று சிலர் தயங்கலாம். சரிதான், ஆனால் வெளியே முழுசாகவும் உள்ளே கூடாகவும் இருக்கும் நிலைக்குத் தமிழில் இவ்வளவு பொருத்தமான வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ‘சிதைவு’ ரொம்பப் பொது.

அப்புறம் இன்னொன்று. வெளியேறிய அந்த வாயு குளிர்ந்த குழாயில் நீராவியோடு சேர்ந்து மறுபடி சிலிக்காவாகி, வெள்ளை மாவுபோல அப்பிக் குழாயை அடைக்கும். அதற்கு ‘வெண்படிவு’ என்று எழுதி வருகிறேன், ஆனால் உப்புப் படிவதற்கும் அதே சொல் வந்துவிடுகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.