மறு: மறு: கோபுரம் இல்லாமல் பேசும் தடத்துக்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களும் ஷெரிஃப் அலுவலகங்களும் சொந்த வயர்லெஸ் கோபுரங்களை விட்டுவிட்டு, மாதச் சந்தா கட்டித் தனியார் டிஜிட்டல் ரேடியோ வலைக்கு மாறுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ரேடியோத் தடங்களை 2013 ஜனவரி 1-க்குள் 12.5 ஆகக் குறுக்க வேண்டும் என்று அங்கே ஆணை வந்தபோது எல்லாரும் வயர்லெஸ் செட்டுகளைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. மலையுச்சிக் கோபுரத்தைப் பராமரிக்கும் செலவு வேறு. தனியார் வலைக்கு "வாடகை வலை" என்று போன மாதம் நாம் முடிவு செய்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் இன்னொரு சொல்லில். கோபுரம் விழுந்துவிட்டால் ஒரு செட் இன்னொரு செட்டோடு நேராகப் பேசும் வசதிக்கு ஆங்கிலத்திலேயே மூன்று பெயர்: சிம்ப்ளெக்ஸ், டாக்-அரவுண்ட், டைரக்ட் மோட். நான் "நேரலை" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து

----

> நான் "நேரலை" என்று போட்டிருக்கிறேன்.

நேரலை என்றால் இன்று யாருக்கும் தொலைக்காட்சிதான் ஞாபகம் வரும். "கோபுரச் சார்பற்ற உரையாடல் முறைமை" என்பது பொருளைத் துல்லியமாகத் தரும்.

----

> கோபுரச் சார்பற்ற உரையாடல் முறைமை

இதைச் சொல்லி முடிப்பதற்குள் தீ அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விடும் ஐயா. "நேருக்கு நேர்" என்று எளிமையாக வைக்கலாமே?

----

அம்மாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இது அகராதியில் உட்கார்ந்திருக்கும் சொல் இல்லை. மழையில் நனைந்துகொண்டு, மூச்சிரைக்க, ஒரே தடவையில் புரியும்படி கத்த வேண்டிய சொல். அதனால் வேர் எது, விகுதி எது என்பதை அப்புறம் பார்ப்போம். காதில் விழுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளில் நிற்கும் இருவருக்கு நடுவே மலையின் ஒரு தோள் இருக்கும். கைச்செட்டின் ரேடியோ அலை அதைத் தாண்டாது. அதனால்தான் உச்சியில் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். அது ஓர் அலைவரிசையில் கேட்டு, இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். செட்டுகள் அந்த இரண்டாவது அலைவரிசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். ரிப்பீட்டர் நின்றுவிட்டால், பத்தடி தள்ளி நிற்பவருக்குக்கூட நீங்கள் பேசுவது எட்டாது. நீங்கள் பேசுவது ஓர் அலைவரிசை, அவர் கேட்பது வேறொன்று. குமிழைத் திருப்பி, பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசைக்கு வந்தால்தான் மறுபடி பேச்சு. தூரம் குறையும், ஆனால் பக்கத்தில் இருப்பவர் கிடைப்பார். ஆங்கிலத்தில் உள்ள மூன்று பெயர்களுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு. நமக்கு வேண்டிய அளவில் மூன்றும் இதுதான்.

வாடகை வலை பற்றி எழுதும்போது இந்தச் சொல் ஏன் முக்கியம் என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். வாடகை வலை எல்லாம் ஒரே வகை இல்லை. டி.எம்.ஆர்., டெட்ரா என்ற டிஜிட்டல் ரேடியோ வகைச் செட்டுகளில் இந்த வசதி உண்டு. டி.எம்.ஆர். 12.5 கிலோஹெர்ட்ஸ் தடம் ஒன்றை இரண்டு நேரக்கூறுகளாகப் பங்கிட்டு இரண்டு பேச்சை ஓட்டும். கோபுரம் இல்லையென்றாலும் செட்டுகள் தமக்குள் பேசிக்கொள்ளும். செல்பேசித் தொழில்நுட்பத்தில் ஓடும் வலை அப்படி இல்லை. அமெரிக்காவில் 2012-ல் சட்டம் போட்டு, அவசரப் பணியாளர்களுக்கான செல்பேசி வலையாக ஃபர்ஸ்ட்நெட் அமைத்து, 2017-ல் ஏடி அண்ட் டி நிறுவனத்திடம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். நெரிசல் நேரத்தில் தீயணைப்புக்காரருக்கே முதல் வழி என்பது அதன் பெரிய பலம். ஆனால் சாதாரண செல்பேசி அனுப்பும் சக்தி 0.2 வாட். தீயணைப்புக்காரர் இடுப்பில் இருக்கும் வி.எச்.எஃப். கைச்செட் 5 வாட், அதாவது இருபத்தைந்து மடங்கு. கோபுரம் போன பிறகு எது பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "உங்கள் வலையில் இந்த வசதி இருக்கிறதா?" என்று ஒரு ஊராட்சித் தலைவரோ எஸ்டேட் மேனேஜரோ கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டும். அதற்கு அந்த வசதிக்கு அவர் வாயில் வரும் ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாததை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2018-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் மின்கம்பங்களோடு செல்பேசியும் சாய்ந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையில் எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

இனிச் சொற்கள். "நேருக்கு நேர்" பொருளளவில் நல்ல சொல். ஆனால் மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். "லாரியும் பஸ்ஸும் நேருக்கு நேர்" என்று பத்திரிகையில் படித்துப் படித்து அந்த இரண்டு சொல்லும் விபத்தாகவே ஆகிவிட்டன. செட்டில் அரைகுறையாக "நேருக்கு நேர்" என்று விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். "ஆளுக்கு ஆள்" என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். ஆளுக்கு ஆள் பேசினால் அது கூச்சல். அதுவும் ஆகாது.

என் மனதில் இருந்தது "கூப்பிடுதடம்". கூப்பிடு தூரம் என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குரலைப் போலவே இந்தத் தடமும் ஓர் எல்லைக்குள்தான் எட்டும், அதனால் தூரம் குறைவு என்ற எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மிகவும் ஆசைப்பட்ட சொல். இன்னொரு வேட்பாளர் "நேர்த்தடம்".

ஞாயிறு காலை இவற்றைக் காதால் சோதித்தேன். உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் கைச்செட் இரண்டு, அரை வாட்தான். எங்கள் தோட்டத்து மேஸ்திரி ஒரு செட்டோடு கீழ்ச்சரிவில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றார். பக்கத்தில் களை வெட்டும் மெஷினை ஓட விட்டோம். இரைச்சல் இல்லாமல் சோதிப்பதில் அர்த்தமில்லை. மரமறுக்கும் மெஷின், எச்சரிக்கை மணி போன்ற சத்தங்களுக்கு நடுவே டிஜிட்டல் செட்டில் பேச்சு எவ்வளவு சிதைகிறது என்று அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆய்வகமே 2008-ல் அளந்து பார்த்திருக்கிறது. குரலைச் சுருக்கி அனுப்பும் கணக்குமுறைக்கு மனிதக் குரல் எது, மெஷின் எது என்று பிரிக்கத் தெரியாது.

"நேர்த்தடத்துக்கு மாத்துங்க" என்றேன். "எந்த நேரத்துக்குங்க?" என்று பதில் வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடியும் நேரம்தான் கேட்டார். நேர் மட்டும் காதில் விழுகிறது, தடம் மெஷின் சத்தத்தில் கரைந்துபோகிறது.

"கூப்பிடுதடத்துக்கு மாத்துங்க" என்றேன். சொல் சுத்தமாக விழுந்தது. அவரோ செட்டை மாற்றாமல், "யாருங்க கூப்பிடறாங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்து நின்றார். காது பிழை செய்யவில்லை, சொல்தான் பிழை. அவசரத்தில் கூப்பிடு என்று கேட்டால் யாராயிருந்தாலும் கூப்பிட்டவரைத்தான் தேடுவார்கள். அங்கேயே அந்த ஆசையை விட்டேன்.

மெஷினை அணைத்துவிட்டு, இது எதற்கான சொல் என்று விளக்கினேன். "செட்டுக்குச் செட்டு பேசறதுங்களா?" என்றார். மெஷினை மறுபடி ஓட விட்டு அதையே சொல்லிப் பார்த்தோம். முதல் தடவையிலேயே புரிந்தது. இன்னும் ஐம்பதடி கீழே போய் நின்றார், அப்போதும் புரிந்தது. ட்ட, க்க, ச்ச என்று இரட்டிக்கும்போது ஒலி ஒரு கணம் அடைத்து வெடிக்கிறது. அதனால்தான் இரைச்சலுக்கு நடுவிலும் காதுக்குத் தனியாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை "செட்டுக்குச்செட்டு". புத்தகத்துக்கு ஒரு சொல், களத்துக்கு ஒரு சொல் என்று இரண்டு வைக்கக் கூடாது. பயிற்சியில் படித்தது வேறாகவும் செட்டில் கேட்பது வேறாகவும் இருந்தால் ஆள் ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்துக்காகத்தானே இத்தனை விவாதமும்.

ஏற்காட்டிலிருந்து

----

> ஆகவே என் பரிந்துரை "செட்டுக்குச்செட்டு".

நேருக்கு நேர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனாலும் செட்டு என்ற சொல்லைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றக் கை வரவில்லை. அதே ஓசையில் "கைக்குக் கை" என்று வைத்தால்? இரட்டிப்பும் இருக்கிறது, தமிழாகவும் இருக்கிறது.

அஸ்தம்பட்டியிலிருந்து

----

> "கைக்குக் கை" என்று வைத்தால்?

அம்மா, இன்று காலை சோதித்தேன். ஓசை பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. மேஸ்திரி சரிவேறி என்னிடமே வந்து நின்று, "என்னத்தக் கொடுக்கணுங்க?" என்று கையை நீட்டினார். ஜீப்பில் பொருத்திய செட்டுக்கும் கை பொருந்தாது.

பம்பு செட்டும் மைக் செட்டும் பேசிப் பழகிய ஊர் நம்முடையது. செட்டு அந்த வரிசையில்தான் நிற்கிறது. பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்:

செட்டுக்குச்செட்டு: கோபுரமோ ரிப்பீட்டரோ இல்லாமல் ரேடியோச் செட்டுகள் ஒரே அலைவரிசையில் நேராகப் பேசிக்கொள்ளும் முறை. ஏவல்: "செட்டுக்குச் செட்டு மாத்து."