ஏஞ்சல் மீன் முட்டைகள் எல்லாம் வெள்ளையாகிவிடுகின்றன, என்ன செய்வது?

தொட்டிப்பித்தன்:
வணக்கம். என் ஏஞ்சல் ஜோடி பவர் ஃபில்டர் குழாயின் மேல் வரிசையாக முட்டை ஒட்டுகிறது. மாறி மாறி விசிறி, வேறு மீனை அண்டவிடாமல் காவலும் காக்கின்றன. ஆனால் மறுநாளே முட்டைகள் வெளுத்து, அப்புறம் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்துவிடுகிறது. பூஞ்சை மருந்தான மெத்திலீன் ப்ளூ போட்டும் பலனில்லை. போர்வெல் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 900. வெப்பம் 28 டிகிரி.

கெண்டைக்காரன்:
தண்ணீர்தான் காரணம். ஏஞ்சலின் சொந்த ஊரான தென் அமெரிக்காவில், ரியோ நீக்ரோ மாதிரி ஆறுகளில் உப்பே இல்லாத, புளிப்பான தண்ணீர். உடனே முழுக்க ஆர்.ஓ.வுக்கு மாறுங்கள்.

நீர்ப்பாசி:
முழுக்க ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம், பிஎச் (புளிப்பு-கார அளவு) சடாரென்று இறங்கும். ஒரினோகோ ஆற்றின் அல்டம் வகை ஏஞ்சல் என்றால் வேறு கதை. கடையில் கிடைக்கும் ஸ்கலாரே வகை தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தது, கடின நீரைத் தாங்கும்.

முதலில் அவை ஆணும் பெண்ணும்தானா? ஆண் கிடைக்காவிட்டால் இரண்டு பெண்களே ஜோடி சேர்ந்து முட்டையிட்டுக் காவல் காக்கும். நெற்றி மேட்டை நம்பாதீர்கள். முட்டையிடும் நேரத்தில் வயிற்றடியில் சின்னக் குழாய் நீட்டும்: பெண்ணுக்குத் தடித்து மழுங்கியிருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும்.

தொட்டிப்பித்தன்:
நேற்று சாயங்காலம் மறுபடி முட்டையிட்டபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுக்குத் தடிப்பு, அதுதான் முட்டை ஒட்டுகிறது. மற்றதன் குழாய் மெலிசு, பின்னாலேயே அதே தடத்தில் உரசிக்கொண்டு போகிறது.

நீர்ப்பாசி:
அப்படியானால் சரியான ஜோடிதான். அந்த நேரத்தில் ஃபில்டர் ஓடியதா?

தொட்டிப்பித்தன்:
ஆமாம் சார், ஃபுல் ஸ்பீடில். முட்டை வரிசையை ஒட்டியே தண்ணீர் கொட்டும்.

நீர்ப்பாசி:
எனக்கு முதல் சந்தேகம் அதில்தான். ஆண் விடும் விந்து முட்டையில் படுமுன்னே அடித்துக்கொண்டு போயிருக்கும். கருவுறாத முட்டைக்கு மெத்திலீன் ப்ளூ என்ன செய்யும்? பஞ்சைத் தடுக்கும், அவ்வளவுதான். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறி, தள்ளி ஒரு கடப்பாக் கல் துண்டைச் சாய்த்து வையுங்கள். ஆண் இளசாக இருந்தால் முதல் சில ஈடு வீணாவதும் சகஜம்.

கெண்டைக்காரன்:
சரி, ஆனால் 900 அதிகம்தான். கருவுறுவதைக் கடின நீர் கெடுக்கும்.

நீர்ப்பாசி:
ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்.ஓ. சேர்த்து, பாதிக்குப் பாதி கொண்டுவாருங்கள். 450-க்கு இறங்கும். கருப்பிடித்த முட்டை வெளுக்காமல் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். 28 டிகிரியில் ஏறக்குறைய 60 மணி நேரத்தில் வால் துடிப்பது தெரியும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்வரை தீனி வேண்டாம். அப்புறம் முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சுகளைக் கொடுங்கள்.