ஐஆர்எஃப்6ங்கற ஒரு ஜீன் டெஸ்ட் மட்டும் போதுமா, எக்ஸோம் (எல்லா ஜீனோட முக்கியப் பகுதியையும் பாக்கற டெஸ்ட்) எடுக்கணுமா?

வணக்கம், சேலம் பக்கம் இருந்து எழுதறேன். பையனுக்கு 11 மாசம். பிறக்கும்போதே இடது மேலுதடு பிளவு, அண்ணமும் பிளவு, ரெண்டு பாதமும் உள்பக்கமா வளைஞ்சிருந்துச்சு.

உதட்டு ஆபரேஷன் 4ஆம் மாசமே முடிஞ்சுது, அண்ணம் அடுத்த மாசம். பாதத்துக்கு பொன்செட்டி முறையில வாராவாரம் மாவுக்கட்டு, மொத்தம் 7, அப்புறம் குதிகால் தசைநார சின்னதா வெட்டிவிட்டாங்க, இப்போ கம்பி வெச்ச ஷூ, ராத்திரி போட்டா ஒரே அழுகை.

ஜீன் விஷயத்துலதான் மாட்டிக்கிட்டு நிக்கறோம். கேரியோடைப் (குரோமோசோம் எண்ணிக்கை, அமைப்பு பாக்கற டெஸ்ட்) நார்மல், மைக்ரோஅரேயும் (குரோமோசோம்ல சின்னத் துண்டு குறையுதா, கூடுதான்னு பாக்கறது) நார்மல், 22கியூ11 (22ஆம் குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாம போற கோளாறு) இல்லன்னுட்டாங்க. சொந்தத்துல கட்டினதாலன்னு ஊரே பேசுது, மாமியார் கிரகணத்தன்னைக்கு நான் வெளிய வந்ததாலன்னு சொல்றாங்க, அத விடுங்க.

போன வாரம் வாய் துடைக்கும்போதுதான் பாத்தேன், அவன் கீழுதட்டு நடுவுல ஊசி குத்தின மாதிரி ரெண்டு குழி, துடைக்கத் துடைக்க ஈரம் கசியுது. அதே குழி வீட்டுக்காரருக்கும் இருக்கு, சின்ன வயசுல விழுந்த தழும்புன்னு நெனச்சிட்டிருந்தோம்! தேடினா உதட்டுக் குழியும் பிளவும் சேர்ந்து வர்ற வான் டெர் வூட் சிண்ட்ரோம்னு வருது, ஐஆர்எஃப்6 ஜீன், அப்பா அம்மால ஒருத்தர்கிட்ட இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% சான்ஸாம், அப்போ சொந்தத்துல கட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதே ஜீன்ல முழங்காலுக்குப் பின்னாடி தோல் சவ்வு மாதிரி இழுத்துப் பிடிக்கிற இன்னொரு சிண்ட்ரோமும் இருக்கு, இவனுக்கு சவ்வு இல்ல, ஆனா கால் கட்டைவிரல் நகத்து மேல தோல் மடிப்பு ஏறியிருக்கு. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா மைக்ரோஅரேல தெரியாதாம்.

அடுத்த குழந்தைக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். இந்த மாதிரி இருந்து டெஸ்ட் எடுத்தவங்க சொல்லுங்க, ஐஆர்எஃப்6 மட்டும் சீக்வென்சிங் (ஜீனை எழுத்தெழுத்தா படிக்கறது) பண்ணா போதுமா, இல்ல நேரா எக்ஸோமே எடுத்துடணுமா?