ராணுவ நாய்களுக்கு வீரவணக்கம் வேண்டுமா?

வைகைக்கரை:
ஜூமை ஞாபகம் இருக்கிறதா? 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்தநாக் பக்கம் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டுக்குள் ராணுவம் முதலில் அனுப்பிய நாய். இரண்டு குண்டு பாய்ந்த பிறகும் சண்டையை விடவில்லை. ஸ்ரீநகர் ராணுவ கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டுதான் இருந்தது, 13-ஆம் தேதி காலை 11.45 மணி வாக்கில் திடீரென மூச்சு வாங்கிச் சுருண்டு விழுந்துவிட்டது. வயது இரண்டு சொச்சம். அதற்கு மலர்வளையம் வைத்ததை நாடகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், மனசு ஆறவில்லை.

பாறைமேடு:
எழுதியது நான்தான் தம்பி. அந்த உயிரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தியாகம் என்றால் தெரிந்து செய்வது. கதவுக்குப் பின்னால் துப்பாக்கி இருப்பது அதற்குத் தெரியுமா? வேலைக்கு ஆகாத நாய்களைக் கருணைக்கொலை செய்கிறோம் என்று 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது ராணுவமே பதில் சொன்னது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் அந்த வழக்கம் மாறியது. செத்தால் மாலை, கிழடானால் ஊசி என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம்.

வைகைக்கரை:
அண்ணே, அதனால்தான் கௌரவம் வேண்டும் என்கிறேன். அதே 2015-ல் காஷ்மீரின் தங்தார் எல்லையில் ஊடுருவியவர்களை மோப்பம் பிடித்துக் காட்டிய ராணுவ நாய் மான்சி, தன்னை வளர்த்த வீரரோடு சேர்ந்தே செத்தது. ராணுவத்தின் வீரச்செயல் பட்டியலில் இடம்பெற்ற முதல் நாய் அதுதான். அதுவரை நாயை ஒரு சாமானாகத்தானே கணக்கு வைத்திருந்தார்கள். பட்டியலில் பெயர் ஏறிய ஜீவனுக்கு ஊசி போட யாருக்கும் கை வருமா?

செவலைக்காரி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக்குப் பதிமூன்று வயது. இடுப்பு பிடித்துக்கொண்டதால் ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு கையாலும் தூக்கி வெளியே கொண்டுபோய் நிறுத்த வேண்டும், கால் நடுங்கும், என் முழங்காலில் சாய்ந்துகொண்டுதான் ஒன்றுக்குப் போகும். ஓய்வுபெற்ற ராணுவ நாய்களை மீரட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், பொதுமக்களுக்கும் தத்து கொடுக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லையே?

பாறைமேடு:
அந்த இரண்டு மணிக்கு எழுந்திருக்க ஆள் வேண்டும் அம்மா. நான் கேட்பது அதைத்தான். மாலை போட நிறைய பேர் வந்துவிடுவார்கள்.

வைகைக்கரை:
மாலையும் வேண்டும் அண்ணே. தத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று நாளைக்கே விசாரித்து இங்கே போடுகிறேன்.